பாலத்தில் மட்டும் நின்றுபோகிற கார்

கராஜ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும், அவர்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக முழித்துக்கொண்டிருக்கும் தங்கச்சிமார் இருவருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று கேட்டு எனக்குப் போன் எடுக்க வேண்டாம். அது புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. நான் சொல்லப்போவது அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கதி. அதை எழுதினவர்கள் மட்டக்களப்புக்கு வந்து கார் ஓட்டிப் பார்த்ததில்லை, பாவம்.

எங்கள் மாவட்டத்தில் மேடு கிடையாது. கடல், வாவி, வயல், மறுபடியும் வாவி. கதிரவெளியில் ஏறி உட்கார்ந்தால் களுவாஞ்சிகுடி வரை ஒரே கியரில் வந்து இறங்கலாம். வழியில் மாடு குறுக்கே படுத்திருந்தால்தான் பிரேக்குக்கு வேலை. மலைநாட்டில் ஓடுகிற காருக்கு ஒரு நோய் வருத்தம் வந்தால் அடுத்த ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். இங்கே ஓடுகிற கார் வருத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டு காலம் முழுக்க நல்ல பிள்ளையாக நடிக்கலாம். நாங்களும் அதற்கேற்ற மெக்கானிக்குகள்தான். பழுது பார்த்த காரைக் கடற்கரை வீதியில் ஓர் ஓட்டம் விடுவோம், முகத்தில் நல்ல காற்றுப் படும், கார் அருமை என்று சாவியைக் கொடுத்துவிடுவோம்.

இந்த நிலைமையில்தான் சுகந்தி டீச்சர் வந்தார்.

அவர் பள்ளிக்கூட டீச்சர் அல்ல, கார் ஓட்டப் படிப்பிக்கிற டீச்சர். ஒரே ஒரு கார் வைத்து ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். பழைய வெள்ளை ஜப்பான் கார், முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல் எழுத்து. படிக்க வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள். ஏறாவூர், காத்தான்குடி, ஆரையம்பதி என்று எங்கெங்கோ இருந்து வருவார்கள். படிப்பிக்கிறவரும் ஒரு பெண் என்றால் வீட்டில் தடை சொல்ல மாட்டார்கள் அல்லவா? டீச்சருக்குத் தொண்டை பெரிது. அவர் காருக்குள் இருந்து 'கிளச்!' என்று ஒரு சத்தம் போட்டால் பக்கத்தில் போகிற பஸ் டிரைவரும் சேர்ந்து மிதிப்பார்.

பெட்ரோல் வரிசைகள் ஒருவாறு ஓய்ந்திருந்த காலம். ஒரு நாள் மத்தியானம் டீச்சர் அந்தத் தொண்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தது போல எங்கள் கராஜுக்குள் வந்தார்.

"பாஸ், காருக்குப் பெரிசா ஒண்டும் இல்ல. விக்கப்போறன். வாங்க வாறாக்களுக்கு முன்னால ஆடாம நிக்கிற மாதிரி ஆக்கித் தாங்க."

எங்கள் ஊரில் கையில் கிரீஸ் பட்டவன் எல்லாம் பாஸ்தான். அதற்காக நீங்கள் தலைக்கனம் பிடித்து அலைய வேண்டாம்.

"என்னத்துக்கு விக்கிறீங்க டீச்சர்?"

"எனக்குப் படிப்பிக்கத் தெரியாது பாஸ்."

சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனையோ பெண்களை வீட்டு வாசலில் இருந்து வீதிக்குக் கொண்டுவந்துவிட்ட மனுசி அவர்.

காரின் பின்னுக்கு இருந்து ஒரு தலை வெளியே வந்தது. ஏறாவூர்ப் பர்வீன். சந்தை சந்தையாகப் புடவை கொண்டுபோய் விற்கிறவர். ஆட்டோக்காரரின் தயவை எதிர்பார்க்காமல் தானே ஒரு சின்ன வேன் ஓட்ட வேண்டும் என்று டீச்சரிடம் சேர்ந்தவர். வாய் வியாபாரிக்குரிய வாய்.

"டீச்சர் நல்லாத்தான் படிப்பிக்கிறாங்க பாஸ். எல்லாம் அந்தப் பாலத்தால வந்த வின. நான் அதுல நிண்டு நிண்டு, வல வீசுறாக்கள் இப்ப எனக்குச் சலாம் சொல்லுறாங்க. போன கிழம ஒராள் மீனும் தந்த."

பாலம் என்றால் பெரிய பாலம் அல்ல. வாவியில் இருந்து பிரிகிற ஓடைக்கு மேலே ஒரு கூனல் பாலம் இருக்கிறது. கீழே வள்ளம் போக வேண்டும் என்று யாரோ உயர்த்திக் கட்டியது. எங்கள் பகுதியின் இமயமலை அதுதான். லைசன் பரீட்சைக்கு வருகிற பரீட்சகர் அந்த ஏற்றத்தின் பாதியில் காரை நிறுத்தச் சொல்லி, பிறகு எடுக்கச் சொல்லுவார். அங்கேதான் டீச்சரின் பிள்ளைகள் வரிசையாக விழுந்தார்கள். கிளச்சை விடுவார்கள், கார் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும், இருமும், நின்றுவிடும்.

முன்பு இப்படி இல்லை. அவரிடம் படித்தவர்கள் முதல் தரத்திலேயே பாஸ் பண்ணுவார்கள். கடைசிச் சில மாதங்களாகத்தான் இந்தக் கூத்து. அடுத்த தெருவில் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலின் ஆட்கள் இவருக்குப் 'பாலத்து டீச்சர்' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். படிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். அது போதாதென்று கட்டாரில் ஒரு வாகன யார்டில் வேலை செய்கிற டீச்சரின் புருசன் ரவி, போன் எடுக்கும் போதெல்லாம், 'கிளச்ச மெதுவா விடச் சொல்லிக்குடு சுகந்தி' என்று அங்கிருந்தே பாடம் நடத்தினாராம். வெளியில் உள்ளவன் சொன்னால் தாங்கலாம், வீட்டுக்காரனும் சொன்னால் மனிதருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

"நாளைக்கு வெள்ளன இவளுக்கு டெஸ்ட். இவளும் விழுந்தா ஸ்கூல் போர்டக் கழட்டுறன்," என்றார் டீச்சர்.

கராஜில் என் பங்காளி தேவன் காரை முடுக்கிப் பார்த்தான். கொஞ்சம் ஆடினாலும் ஓடியது. பிளக், ஃபில்டர் எல்லாம் முன்பே மாற்றியாகிவிட்டது.

"கார்ல ஒண்டும் இல்ல மச்சான். பொம்புளப் புள்ளைகள்ற கால். கிளச்ச ஒரேயடியா விடுறாங்க," என்றான்.

"அப்ப உங்கட ஆம்புளக் காலக் கொண்டாங்க பாஸ், பாலத்துல வெச்சுப் பாப்பம்," என்றார் பர்வீன்.

தேவனுக்கு அந்த நேரம் பார்த்து வேறொரு காரின் அடியில் அவசர வேலை வந்துவிட்டது. ஆகவே நான் போனேன்.

தம்பிமாரே, இங்கே கொஞ்சம் கவனியுங்கள். நான் சாதாரணமாக ஓட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மெக்கானிக்கின் காலுக்குக் கள்ளப் புத்தி உண்டு. கார் தடுமாறப் போகிறது என்றால் எங்களுக்கே தெரியாமல் அது சமாளித்துவிடும். நாங்களும் இறங்கி வந்து 'நல்லாத்தானே ஓடுது' என்போம். அதனால் நான் டீச்சரிடம் சொன்னேன்:

"எனக்கு ஓட்டத் தெரியாதெண்டு நினைச்சுப் படிப்பியுங்க. நீங்க சொல்லுறத மட்டும்தான் செய்வன்."

எல் எழுத்து மாட்டிய காரில், நரைத்த தலையோடு நான் டிரைவர் சீட்டில். பக்கத்தில் டீச்சர். பின்னால் பர்வீன், சிரிப்பை அடக்க முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு. பாலத்தின் பாதியில் நிறுத்தினேன். டீச்சர் சொல்லச் சொல்லச் செய்தேன். கிளச், கியர், கொஞ்சமாக எக்சலேட்டர், மெதுவாகக் கிளச்சை விடுவது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கார் நடுங்கியது, இருமியது, நின்றது. அதோடு விடாமல் கொஞ்சம் பின்னாலும் உருண்டது.

கீழே ஓடையில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"என்ன பாஸ், இந்த வயசிலயா லைசன்?"

"அவருக்கும் ஒரு மீனக் குடுங்க!" என்று பர்வீன் ஜன்னலால் கத்தினார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரே சந்தோசம். பிள்ளைகள் யாரும் பிழை விடவில்லை, இவரும் பிழையாகப் படிப்பிக்கவில்லை என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு டீச்சரை ஓட்டச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் பாலத்தில் ஏறினார். எஞ்சின் மட்டும் பேய் பிடித்தது போலக் கத்தியது.

"டீச்சர், என்னத்துக்கு இந்த மிதி மிதிக்கிறீங்க?"

"நானா? நான் மெதுவாத்தானே விட்ட?"

மெய்யாகவே அவருக்குத் தெரியவில்லை. இந்த மாதங்களில் காரின் வருத்தத்தோடு குடித்தனம் நடத்தி, அவருடைய கால் அதற்கு ஏற்றபடி மாறிவிட்டது. வாய் சொல்லிக்கொடுத்தது சுகமான காருக்குரிய பாடம், கால் ஓட்டியது வருத்தக்காரக் காரை. பிள்ளைகள் பாவம் வாயைக் கேட்டார்கள். வாகனச் சொந்தக்காரர் வந்து 'எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை' என்று சொன்னால் நீங்கள் அதை அப்படியே நம்ப வேண்டாம், அவர் பழகிப்போயிருக்கலாம்.

எஞ்சின் வேகமாகச் சுற்றினால் இழுக்கிறது, மெதுவாகச் சுற்றும்போது செத்துப்போகிறது. இதைக் கண்டதும் கேம் தண்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம் போனது. வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. கீழே சுற்றுகிற பெரிய தண்டோடு ஒரு பல் பெல்ட்டால் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். கூத்தில் மத்தளத்துக்கு ஓர் அடி பிந்தி ஆடுகிறவனும் விழாமல் ஆடி முடித்துவிடுவான், ஆனால் பார்ப்பதற்கு உயிர் இருக்காது. எஞ்சினிலும் பெல்ட் ஒரு பல் மாறி நின்றால் அப்படித்தான். எங்கள் தட்டை ஊரில் அதுவும் போதும்.

கராஜுக்கு வந்து பெல்ட் மூடியைக் கழற்றினோம். தேவன் எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேரே எஞ்சினில் ஒரு புள்ளி. கீழேயும் அப்படியே. நான்கு புள்ளிகளும் மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி முகத்துக்கு முகம் நேராக நின்றன.

"டைமிங் சரியா நிக்குது. மூடு மச்சான்," என்றான்.

புள்ளி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பழைய பெல்ட்டைக் கழற்ற முன்னம் அது நின்ற இடத்தைப் பெயின்டால் குறித்துவிட்டு, புதியதை அதே இடத்தில் போடுவோம். உப்புக் காற்றும் எண்ணெயும் சேர்ந்து கம்பனிக்காரன் வெட்டிய அடையாளங்களை மூடிவிடுவதால் அவற்றைத் தேட எங்களுக்குப் பஞ்சி, சோம்பல்தான். ஒரு மெக்கானிக் வைத்த புள்ளியை அடுத்தவன் சாமி குறி மாதிரி நம்புவான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விடிந்தால் பரீட்சை. புள்ளிகளை நம்பி மூடினால் கார் நாளைக்கு இப்படியே போகும், பர்வீன் விழுவார், டீச்சர் போர்டைக் கழற்றுவார். நம்பாமல் பெல்ட்டில் கை வைத்து, நான் பிழையாகிப்போனால் வால்வும் பிஸ்டனும் முட்டி, நாளைக்குக் காரே இருக்காது.

நான் பெல்ட்டைத் தொடவில்லை. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சக்கரத்தைத் துடைத்தேன். புள்ளி என்ன சொல்கிறது என்பது எனக்குத் தேவையில்லை, அதை யாரோ ஒரு மனிதன் வைத்தான். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, எஞ்சினைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தைப் பிடித்தேன். பிஸ்டனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கீழ்ச் சக்கரத்தில் கம்பனி வெட்டிய கோடு சரியான இடத்தில் நின்றது. மேல் சக்கரத்தில் அழுக்குக்குள் இருந்து மெல்ல ஒரு கோடு தெரிந்தது. அது நிற்க வேண்டிய இடத்தில் இருந்து சரியாக ஒரு பல் பிந்தி நின்றது.

தேவன் தானே துணியை வாங்கி இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தான். எங்கள் பங்காளித் தொழிலில் அது அபூர்வமான காட்சி.

"இந்தப் பெல்ட்ட மாத்தினது யாரு டீச்சர்?" என்று கேட்டேன்.

டீச்சர் பதில் சொல்ல முன்னம் பர்வீன் குனிந்து, எஞ்சினில் துடைபடாமல் இருந்த புள்ளிகளைப் பார்த்தார். நிறம் பார்த்துப் பிழைக்கிற கண் அல்லவா?

"இது கராஜ் பெயின்ட் இல்ல பாஸ். கத்தரிப்பூக் கலர். மினுங்குது வேற. இது நகத்துக்குப் பூசுறது."

டீச்சரும் குனிந்தார். விரலால் புள்ளியைச் சுரண்டிப் பார்த்தார்.

"இது எண்ட நகப்பூச்சு," என்றார். "இவர் கட்டார்ல இருந்து வாங்கி வந்து தந்தது. மறுகா காணாமப் போயிட்டு. எண்ட மச்சாள்தான் எடுத்திருப்பாளெண்டு, அவளோட இண்டைக்கு வரைக்கும் கதைக்கிறல்ல."

போன் எடுத்தார். முகம் பார்க்கிற போன். ரவியின் முகம் சிரித்துக்கொண்டு வந்தது.

"இஞ்சாருங்க, போன லீவுல நீங்களா பெல்ட்ட மாத்தின?"

"ஓம். உனக்குச் சொல்லாமச் செய்த வேல அது. பழைய பெல்ட் அறுந்து புள்ளைகளோட நடுறோட்டுல நிக்கப்போறாயெண்டு பயந்து..."

நான் போனுக்கு முன்னால் தலையை நீட்டினேன். "புள்ளி எப்ப வெச்ச? பெல்ட்டக் கழட்ட முதலா, கழட்டின பொறகா?"

ரவியின் சிரிப்பு மெல்லக் கீழே இறங்கியது. "கழட்டினாப் பொறகுதான் ஞாபகம் வந்த."

பெல்ட் கழன்றதும் வால்வு ஸ்பிரிங் கேம் தண்டைக் கொஞ்சம் தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாது, டக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். ரவி அந்தத் தள்ளுப்பட்ட இடத்தை மனைவியின் நகப்பூச்சால் அழகாகக் குறித்து, புதிய பெல்ட்டை மிகவும் நேர்மையாக அந்தப் பிழையான இடத்திலேயே போட்டிருந்தார். செய்தது முழுக்க அன்பால்தான், அதை நான் மறுக்கவில்லை. டீச்சரும் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய தொண்டை அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்துவிட்டது. கட்டாருக்குப் போன் தேவைப்பட்டிராது. அவர் சொன்னவற்றில் 'கிளச்ச மெதுவா விடச் சொல்லிக்குடுக்கிறாராம்!' என்பதை மட்டும்தான் இங்கே எழுத முடியும்.

பெல்ட்டைச் சரியான பல்லில் போட்டோம். சாவியைத் திருக முன்னம் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன், எங்கும் முட்டவில்லை. பிறகு முடுக்கினேன். ஆட்டமில்லை. தேவன் தண்ணீர்க் கிளாஸை எஞ்சின் மூடியில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தான்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களானால், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். டீச்சர் பழைய காலால் ஒரு மிதி மிதித்தார். கார் கராஜ் வாசலைத் தாண்டிப் பாய்ந்தது, தெருவில் நின்ற கோழிகள் மதில் ஏறின. காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. அவர் பயந்தது தனக்காக அல்ல. பர்வீனின் காலும் இப்போது பழைய காருக்குப் பழகிய கால். பாலத்தில் கிளச்சோடு மல்லுக்கட்டிப் பழகி, கடைசி நாட்களில் டீச்சரைப் பார்த்துப் பார்த்து அவரும் ஓங்கி மிதிக்கத் தொடங்கியிருந்தார், அதுவும் சில தரம்தான் கைகொடுத்தது. நாளைக்குப் பாலத்தில் இப்படி மிதித்தால் பரீட்சகரோடு ஓடைக்குள்தான்.

"பாஸ்," என்றார் பர்வீன் குழைவாக, "அந்தப் பழைய வருத்தத்த நாளைக்கு மட்டும் திரும்பப் போட்டுத் தாங்களன். டெஸ்ட் முடிஞ்சாப்போல சுகப்படுத்துவம்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. செய்ய முடியாத வேலையும் அல்ல. நான் டீச்சரைப் பார்த்தேன்.

"வேணாம்," என்றார் டீச்சர். "ஏறு புள்ள. இப்பவே பாலத்துக்குப் போவம்."

நானும் போய்ப் பாலத்தடியில் நின்றேன். டீச்சர் முதலில் தன் காலைத் திருத்தினார், பிறகு பர்வீனின் காலை. ஏற்றத்தில் நிறுத்துவது, எடுப்பது, மறுபடி கிறுகித் திரும்பி வந்து நிறுத்துவது. முதலில் பாய்ந்தது, பிறகு நின்றது, பிறகு கொஞ்சம் பாய்ந்தது. 'கிளச்!' என்ற சத்தம் வாவியின் மறுகரைக்குக் கேட்டிருக்கும். மாதக்கணக்காகப் பழகின பிழையை வெளிச்சம் மங்க முன்னம் ஓர் ஆளின் காலில் இருந்து கழற்றி எடுத்தார். படிப்பிக்கத் தெரியாதாம்! நான் எஞ்சினில் ஒரு பல்லைத்தான் மாற்றினேன். அன்று நடந்த பெரிய வேலை அந்தப் பாலத்தில்தான் நடந்தது, அதைச் செய்தது அவர்.

மறுநாள் வெள்ளன, மீன் வாங்கப் போகிறவன் போல ஒரு பையோடு பாலத்தடிக்குப் போனேன். தேவனும் ஒரு பையோடு அங்கே நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி நின்றோம். வெள்ளைக் கார் வந்தது. பாதி ஏற்றத்தில் நின்றது. கீழே வலைக்காரர்கள் கையில் வலையோடு அப்படியே நின்றார்கள். டீச்சர் தூரத்தில் ஒரு மரத்தடியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். கார் நடுங்கவில்லை, இருமவில்லை. சத்தமே இல்லாமல் ஏறி, பாலத்தின் மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது. ஓடையில் இருந்து எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுத்தான் டீச்சர் கண்ணைத் திறந்தார். அவர் அழுதார். நானும் தேவனும் மீனைப் பார்ப்பது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டோம், எங்களுக்கும் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை.

காரை அவர் விற்கவில்லை. அன்று பின்னேரமே மச்சாள் வீட்டுக்குப் பலகாரத்தோடு போனதாகக் கேள்வி. ரவி அடுத்த லீவில் வந்தபோது, எல் எழுத்து மாட்டிய காரில் அவரை டிரைவர் சீட்டில் இருத்திப் பாலத்தில் ஏற்றி இறக்கிய பிறகுதான் சோறு போட்டதாகப் பர்வீன் சொன்னார். பர்வீன் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இப்போது அவர் தன் சொந்த வேனில் சந்தைக்குப் போகிறார், எனக்குச் சலாம் சொல்ல ஹோர்னும் அடிக்கிறார்.

காணாமல் போன அந்தக் கத்தரிப்பூ நகப்பூச்சு ரவியின் பழைய ஸ்பேனர்ப் பெட்டிக்குள் இருந்ததாம். டீச்சர் அதைக் கொண்டுவந்து எங்கள் கராஜில் வைத்தார். "முதல்ல புள்ளி, பொறகு கழட்டுறது," என்று எனக்கும் தேவனுக்கும் பாடம் நடத்திவிட்டுப் போனார். அந்தப் போத்தல் முடியும் வரை நாங்கள் அதைத்தான் பாவித்தோம். ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு பழைய எஞ்சினைத் திறக்கும்போது கத்தரிப்பூ நிறத்தில் மினுங்குகிற புள்ளியைக் கண்டால், அது என் கை வைத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அதையும் துடைத்துவிட்டுப் பாருங்கள்.